நாள் தள்ளிப்போனது, ரத்தம் பட்டது, அட்டையில் ஒற்றைக் கோடு: எதை வைத்து முடிவு செய்வது?

“அஞ்சு நாள் தள்ளிப் போயிருக்கு, டெஸ்ட்ல ஒரு கோடுதான் வந்துச்சு, ஆனா பீரியட்ஸும் வரல.” “லேசா ரத்தம் பட்டுச்சு, அப்போ கர்ப்பம் இல்லதானே?” “ரெண்டாவது கோடு மங்கலா இருக்கு, அதை எடுத்துக்கலாமா?” திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. பலர் மருத்துவரிடம்கூடக் கேட்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டு, காகித உறையில் மடித்து வாங்கிப்போய், குளியலறையில் தனியாக நின்று கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் விளக்கம் சொல்ல ஆள் இருப்பதில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

நாள் கணக்கு, ரத்தப்போக்கு, அட்டை ஆகிய மூன்றையும் ஒரே கேள்விக்கான பதிலாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மூன்றும் உடம்பில் வெவ்வேறு நேரத்தில் நடக்கும் வெவ்வேறு விஷயங்களைச் சொல்பவை. அடிப்படையிலிருந்தே போகலாம்.

## சுழற்சியை எண்ணுவது எப்படி

ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அடுத்த ரத்தப்போக்கு தொடங்குவதற்கு முந்தைய நாளோடு ஒரு சுழற்சி முடிகிறது. ரத்தம் நின்ற நாளிலிருந்தோ தலைக்குக் குளித்த நாளிலிருந்தோ எண்ணினால் நான்கைந்து நாள் பிசகிவிடும். உண்மையிலேயே தள்ளிப்போயிருந்தாலும் தெரியாது.

28 நாள் என்பது சராசரி எண். வயதுவந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாள் வரை எதுவாக இருந்தாலும் இயல்புதான். ரத்தப்போக்கு 8 நாள் வரை நீடிக்கலாம். ஒரே பெண்ணுக்கே மாதத்துக்கு மாதம் ஒரு வாரம் வரை முன்பின் ஆகலாம். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 45 நாள் இடைவெளிகூட வரும். “ஒவ்வொரு மாசமும் அதே தேதிக்கு வரணும்” என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கே தேதி மாதாமாதம் முன்னால் நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

## தாமதம் எங்கே உண்டாகிறது

சுழற்சிக்கு இரண்டு பாதிகள். முன் பாதியில் சினைப்பையில் ஒரு கருமுட்டை வளர்கிறது. அது முதிர்ந்து வெளிவந்ததும் பின் பாதி தொடங்குகிறது. முட்டை வெளிவந்த இடம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து, கருப்பையின் உள்சவ்வைத் தாங்கிப் பிடித்து வைக்கும். கர்ப்பம் உண்டாகாவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு நின்றுவிடும். சவ்வு பிடிமானம் இழந்து உதிரும். அந்த உதிர்வைத்தான் பீரியட்ஸ் என்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின் பாதி அதிகம் மாறாது, பெரும்பாலும் 12 முதல் 14 நாள். நீள்வதும் குறுகுவதும் முன் பாதிதான். ஆக, பீரியட்ஸ் பத்து நாள் தள்ளிப்போனது என்றால், பெரும்பாலும் கருமுட்டை பத்து நாள் தாமதமாக வெளிவந்திருக்கிறது, அல்லது அந்த மாதம் வெளிவரவே இல்லை. தாமதம் தெரியவருவது இன்று. அதற்கான காரணம் நடந்தது இரண்டு மூன்று வாரம் முன்னால்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேளச்சேரியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 1 பீரியட்ஸ் தொடங்கியது. வழக்கப்படி மார்ச் 14 வாக்கில் முட்டை வெளிவந்து, மார்ச் 29 அடுத்த பீரியட்ஸ் வர வேண்டும். ஆனால் மார்ச் இரண்டாம் வாரம் அவருக்குக் கடும் காய்ச்சல். முட்டை வெளிவரவே மார்ச் 24 ஆகிவிட்டது. அப்போது கரு உருவாகியிருந்தால், அது கருப்பையில் ஒட்ட இன்னும் ஆறு முதல் பன்னிரண்டு நாள் எடுக்கும். ஒன்பது நாள் என்று கொண்டால் ஏப்ரல் 2. அதற்குப் பிறகுதான் அட்டை கண்டுபிடிக்கும் ஹார்மோன் சிறுநீரில் வரவே தொடங்கும். இவர் “ஒரு நாள் தள்ளிப்போச்சே” என்று மார்ச் 30 டெஸ்ட் செய்தால் ஒற்றைக் கோடுதான் வரும். ஏப்ரல் 6 அல்லது 7 செய்தால் இரட்டைக் கோடு வர வாய்ப்பு அதிகம். கர்ப்பம் இல்லையென்றால் அதே ஏப்ரல் 7 வாக்கில் பீரியட்ஸ் வந்துவிடும்.

முட்டையைத் தாமதமாக்குபவை எவை?

1. உடம்புக்கும் மனதுக்கும் வரும் திடீர் சுமை: காய்ச்சல், அறுவை சிகிச்சை, துக்கம், பரீட்சை, ஷிப்ட் மாறி மாறி வரும் இரவு வேலை.

2. எடை வேகமாகக் கூடுவது, அதைவிட முக்கியமாக வேகமாகக் குறைவது.

3. பிசிஓஎஸ். நம்மூரில் “நீர்க்கட்டி” என்கிறோம். அந்தப் பெயரே வீண் பயத்தைக் கிளப்புகிறது. ஸ்கேனில் தெரிபவை முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் எதுவும் அங்கே இல்லை. ஆனால் அலட்சியமும் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் பீரியட்ஸே வராமல் போனால் கருப்பையின் சவ்வு தடித்துக்கொண்டே போகும். அதை மருத்துவர் மாத்திரை கொடுத்து உதிரவைக்க வேண்டிவரும்.

4. தைராய்டு கோளாறு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடுதல். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

5. தாய்ப்பால் கொடுப்பது. “பால் குடுக்கற வரைக்கும் கரு நிக்காது” என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, பீரியட்ஸ் இன்னும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு உண்டு. முட்டை வெளிவந்து இரண்டு வாரம் கழித்துத்தானே ரத்தம் வரும்? அதனால் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் பீரியட்ஸ் வராமலே அடுத்த கர்ப்பம் உண்டாகிவிட முடியும்.

6. நாற்பதுகளின் நடுவில் மாதவிடாய் நிற்கப்போகும் காலம்.

“பப்பாளி சாப்பிடு, எள்ளுருண்டை சாப்பிடு, வந்துடும்” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. முட்டை தாமதமாகியிருந்தால் அது தன் கணக்குப்படி வரும். வந்த பிறகு அந்தப் பெருமை பப்பாளிக்குப் போய்விடுகிறது.

## அட்டைக்குள் நடப்பது

கரு கருப்பையில் ஒட்டியதும், பின்னால் நஞ்சுக்கொடியாக மாறப்போகும் செல்கள் ஹெச்சிஜி என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். “சவ்வை உதிரவிடாதே” என்று தாயின் உடம்புக்குப் போகும் செய்தி அது. ஆரம்ப வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதன் அளவு இரட்டிக்கும்.

அட்டையின் சிறிய குழியில் மூன்று சொட்டுச் சிறுநீர் விட்டதும், அது உள்ளே இருக்கும் பட்டையில் மெல்ல ஊறிப் போகும். வழியில் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் ஒட்டிய எதிர்ப்புப் புரதங்கள் காத்திருக்கும். நாம் பார்க்கும் இளஞ்சிவப்பு நிறம் அந்தத் துகள்களுடையது. ஹெச்சிஜி இருந்தால் இவை அதைப் பிடித்துக்கொண்டு போய் ‘டி’ என்ற இடத்தில் சிக்கி நிற்கும். மிச்சத் துகள்கள் ‘சி’ என்ற இடத்தில் நிற்கும். அதனால் ‘சி’ கோடு சொல்வது, பட்டை சரியாக வேலை செய்தது என்பதை மட்டும். ‘சி’யில் கோடே வராவிட்டால் அந்த அட்டை செல்லாது, வேறொன்று வாங்க வேண்டும்.

ஆக, அட்டை பதில் சொல்லும் கேள்வி மிகக் குறுகியது: இந்தச் சிறுநீரில், இந்த நேரத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஹெச்சிஜி இருக்கிறதா? பெரும்பாலான அட்டைகளுக்கு அந்த அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 20 முதல் 25 மில்லி யூனிட். கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, நல்லபடி வளர்கிறதா, எத்தனை வாரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அட்டையின் உறையில் ‘99 சதவீதம்’ என்று போட்டிருப்பதும் ஹார்மோன் போதுமான அளவுக்கு இருக்கும்போது, சொன்ன முறைப்படி செய்தால் கிடைக்கும் துல்லியம். நாள் தள்ளிய முதல் நாளிலேயே செய்தால், கர்ப்பமான பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கரு இன்னும் ஒட்டியே இருக்காது. எவ்வளவு நல்ல அட்டையாலும் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒற்றைக் கோடு ஏமாற்றும் இடங்கள் இவை:

1. சீக்கிரம் செய்தது. எல்லாவற்றிலும் பெரிய காரணம் இதுதான். இதற்கு வழி: மூன்று நாள் பொறுத்துத் திரும்பச் செய்வது, அப்போதும் ஒற்றைக் கோடாக இருந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. எப்போதும் ஒழுங்கில்லாத சுழற்சி உள்ளவர்கள் நாள் தள்ளியதை வைத்துக் கணக்கிடவே முடியாது. கடைசியாக உறவு கொண்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துச் செய்தால் பதிலை நம்பலாம்.

2. நீர்த்துப்போன சிறுநீர். மே மாத வெயிலில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு மாலையில் செய்தால் ஹார்மோன் கரைந்துபோயிருக்கும். ஆரம்ப நாட்களில் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் சிறந்தது.

3. கெட்டுப்போன அட்டை. பெரும்பாலான உறைகளில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். சென்னையில் வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு மதியம் கிடந்தால் அதை எளிதில் தாண்டிவிடும். உறைக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறிய பொட்டலம் இருக்கும். ஈரம் அந்தப் பட்டைக்கு ஆகாது என்பதற்கு அதுவே அடையாளம். செய்யப்போகும்போதுதான் பிரிக்க வேண்டும், காலாவதித் தேதியும் பார்க்க வேண்டும்.

4. மிக அரிதாக, இரண்டு மாதம் தாண்டிய பிறகு ஹார்மோன் அளவுக்கு மீறி இருப்பதால் பட்டை திணறி, கோடு மங்கலாவதும் வராமல் போவதும் உண்டு.

மங்கலான கோட்டுக்கு வருவோம். உறையில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில், ‘டி’யில் இளஞ்சிவப்பாக எது தெரிந்தாலும், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், அதை ‘ஆம்’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழித்துச் செய்தால் கோடு அழுத்தமாகும். ஆனால் அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் நிறமில்லாத சாம்பல் கீற்று ஒன்று தெரியலாம். சிறுநீர் உலர்ந்த தடம் அது. பத்து நிமிடத்துக்குப் பிறகு அட்டை சொல்வதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. இதனால் எத்தனை வீடுகளில் ஒரு இரவு முழுக்க அழுகையும் ஒரு இரவு முழுக்க கொண்டாட்டமும் வீணாகப் போயிருக்கும்!

இரட்டைக் கோடு தவறாக வருவது அபூர்வம். குழந்தைப்பேறு சிகிச்சையில் போடும் ஹெச்சிஜி ஊசி இரண்டு வாரம் வரை கோட்டைக் காட்டும். கருச்சிதைவுக்குப் பிறகும் சில வாரம் காட்டும். ஆன்டிபயாடிக், கருத்தடை மாத்திரை போன்றவற்றால் கோடு மாறாது. ஒரு நாள் இரட்டைக் கோடு வந்து, சில நாளில் பீரியட்ஸ் போல ரத்தம் வந்து, அடுத்த டெஸ்டில் ஒற்றைக் கோடு வந்தால் அட்டையைத் திட்ட வேண்டியதில்லை. கரு ஒட்டி, நிலைக்காமல் போயிருக்கிறது. இது நாம் நினைப்பதைவிடச் சாதாரணமாக நடப்பது. அந்தப் பெண் வண்டியில் போனதாலோ படி ஏறியதாலோ நடந்ததும் இல்லை.

சர்க்கரை, உப்பு, டூத்பேஸ்ட் கலந்து பார்க்கும் வீட்டுச் சோதனைகள் எதுவும் ஹெச்சிஜியைக் கண்டுபிடிக்காது.

## ரத்தம் வந்தால் கர்ப்பம் இல்லையா?

இந்த ஒரு நம்பிக்கைதான் அதிகம் கெடுதல் செய்கிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நான்கு பெண்களில் ஒருவருக்கு ஏதாவது ஒரு அளவில் ரத்தம் படுகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் கர்ப்பம் நல்லபடி தொடர்கிறது. ஆகவே ரத்தம் பட்டதும் கர்ப்பம் இல்லை என்றோ, கலைந்துவிட்டது என்றோ முடிவு கட்டக் கூடாது.

வழக்கமான பீரியட்ஸ் முதல் இரண்டு நாளில் பெருகி, பிறகு குறையும். வந்த ரத்தம் வழக்கத்தைவிட லேசாக, பழுப்பாக, ஒன்றிரண்டு நாளில் நின்றுபோனால், அது பீரியட்ஸ்தான் என்று எழுதி வைக்காமல் ஒரு டெஸ்ட் செய்துவிடுவது நல்லது.

இதில் உயிரோடு விளையாடுவது கருக்குழாயில் தங்கும் கர்ப்பம். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் ஒட்டிவிடுகிறது. அங்கே வளர இடமில்லை. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே தெரிவது கொஞ்சம் ரத்தம்தான், அதைத் தாமதமான பீரியட்ஸ் என்று நினைத்துவிடுவார்கள். அட்டையில் இரட்டைக் கோடுதான் வரும், அது எந்த இடம் என்று சொல்லாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, எழுந்தால் தலைசுற்றல், மயக்கம்: நாள் தள்ளிய பெண்ணுக்கு இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கொரு நாப்கின் முழுதாக நனைந்தாலும் அதேதான்.

சந்தேகம் இருக்கும்போது மருத்துவர் இரண்டு வழிகளில் பார்ப்பார். பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, அளவு சரியாக ஏறுகிறதா என்று பார்ப்பது ஒன்று. ஸ்கேன் இன்னொன்று. ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடிப் பயப்பட வேண்டாம். ஏறும் வேகம்தான் பேசும்.

## கர்ப்பம் இல்லாமலே இடையில் ரத்தம் படுவது

முட்டை வெளிவராத மாதங்களில் சவ்வு ஒழுங்கில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். கருத்தடை மாத்திரை, ஊசி, காப்பர் டி போட்ட முதல் சில மாதங்களில் இடையில் படுவதும் வழக்கம்தான். அவசரக் கருத்தடை மாத்திரை போட்டால் அடுத்த பீரியட்ஸ் ஒரு வாரம் வரை முன்பின் ஆகும்; அதற்குள் படும் ரத்தம் ‘கர்ப்பம் இல்லை’ என்பதற்குச் சான்று ஆகாது.

ஃபைப்ராய்டு (கருப்பைத் தசையில் வளரும் கட்டி), பாலிப் (சவ்வில் வளரும் சிறு சதை), தைராய்டு, ரத்தம் உறையாத கோளாறு என்று காரணங்கள் பல. காரணம் எதுவானாலும், அதிகப்படியான போக்கு ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏற்கெனவே ரத்தசோகை. “எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான் போகும்” என்று பொறுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

தாமதிக்கவே கூடாதவை இரண்டு: உறவுக்குப் பிறகு ரத்தம் படுவது, பீரியட்ஸ் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கருப்பைவாய், கருப்பைப் புற்றுநோய்கள் முதலில் கதவைத் தட்டுவது இப்படித்தான்.

## மாத்திரை வாங்கும் முன்

கல்யாணம், கோயில், கிரகப்பிரவேசம் என்றால் பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்குவது நம் வீடுகளில் சகஜம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும். வராவிட்டால் டெஸ்ட் செய்ய வேண்டும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இதைத் தாங்களாகவே போடக் கூடாது.

கர்ப்பத்தைக் கலைக்கும் மாத்திரையைக் கடையில் வாங்கி ஸ்கேன் இல்லாமல் போடுவது இதைவிட ஆபத்து. கருக்குழாயில் இருக்கும் கர்ப்பத்தை அந்த மாத்திரை கலைக்காது. ரத்தம் வந்ததும் ‘முடிந்தது’ என்று நிம்மதியாக இருக்கும்போது குழாய் வெடிக்கும். ஒளிந்து செய்ய வேண்டிய தேவையும் இல்லை. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்ட பிறகு, 20 வாரம் வரை தகுதியுள்ள ஒரு மருத்துவரின் கருத்தோடு, சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு, முறைப்படி கலைக்க வழி உண்டு. திருமணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வயதுவந்த பெண்ணுக்குக் கணவரின் கையெழுத்தோ பெற்றோரின் கையெழுத்தோ தேவையில்லை.

## சென்னையில் போகும் இடமும், கொண்டுபோக வேண்டிய தேதிகளும்

மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் பரிசோதனை இலவசம். எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை (கோஷா ஆஸ்பத்திரி என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும்), ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆகியவை பெண்களுக்கென்றே உள்ள அரசு மருத்துவமனைகள். கர்ப்பம் உறுதியானால் பிக்மி எண்ணுக்கு (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) சீக்கிரமே பதிவு செய்துவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அது வேண்டும்.

போகும்போது கடைசி மூன்று பீரியட்ஸ் தொடங்கிய தேதிகள், டெஸ்ட் செய்த நாட்கள், அவற்றின் முடிவு, போட்ட மாத்திரைகள் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. கர்ப்பத்தின் வாரக்கணக்கு கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. கரு உருவானதோ அதற்கு இரண்டு வாரம் கழித்து. அறிக்கையில் ஆறு வாரம் என்று இருந்தால் கருவுக்கு வயது நான்கு வாரம்தான். இது தெரியாமல், “நான் ஊருக்கு வந்தே நாலு வாரம்தானே ஆச்சு” என்று கணவர் சந்தேகப்படும் கொடுமையும் நடக்கிறது.

நம் வேளச்சேரிப் பெண்ணுக்கு ஏப்ரல் 12 கணக்குப்படி ஆறு வாரம். அன்று ஸ்கேன் எடுத்தால் இதயத்துடிப்பு தெரியாது. சின்னப் பை ஒன்று தெரிந்தாலே பெரிது. அவருக்கு முட்டை பத்து நாள் தாமதமாக வந்ததால் கர்ப்பம் உண்மையில் ஐந்து வாரக் கணக்கைக்கூட எட்டவில்லை. இது தெரியாத இடத்தில் “வளர்ச்சி இல்லை” என்று சொல்லிவிடும் வாய்ப்பு உண்டு. அந்தத் தாளில் மார்ச் மாதக் காய்ச்சலும் மார்ச் 30-இன் ஒற்றைக் கோடும் எழுதியிருந்தால், மருத்துவருக்குத் தாமதம் புரிந்துவிடும். “ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்த்துடலாம்” என்பார்.